பச்சை டிக்கை நம்பாத மதினி

மதினியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது அவர் காதில் போட்டுவிடுவார்கள். அடுத்த நிமிடமே எனக்குப் போன் வரும். "எழுதிட்டீக, சரி. படிச்சவுக யாரு? அவுக வாயால சொன்னாகளா?" என்று கேட்பார்.

உறவுமுறையில் அவர் எனக்கு மதினி இல்லை. நான் அருப்புக்கோட்டையில் இரும்புக் கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள். அவர் திருச்சுழிப் பக்கம் மானாவாரியில் பருத்தியும் கம்பும் போடும் வீட்டுப் பெண். பாலவனத்தத்தில் வாழ்க்கைப்பட்டு, எங்கள் ஊருக்கு வெளியே இருந்த ஒரு நர்சிங் கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் வந்து எழுத்தர் வேலை பார்த்தார். கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து நான் இணையதளங்கள் செய்துகொடுத்துக்கொண்டிருந்தேன். கல்லூரிக்கு மாணவியர் சேர்க்கைக்கான இணையச் செயலி வேண்டும் என்று பேச வந்தவர், "மதினி இருக்காகளா?" என்று கேட்டுக்கொண்டேதான் படியேறினார். வயது இருவருக்கும் ஒன்றுதான். யார் யாருக்கு மதினி என்பதை நாங்கள் கடைசிவரை பேசித் தீர்க்கவே இல்லை.

மதினிக்கு இருப்புக் கொள்ளாது. நாற்காலியை இழுத்துப் போட்டால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். டீ வாங்கிக் கொடுத்தால் டம்ளரோடு ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடப்பார். யாருக்காவது எதையாவது அனுப்பியிருப்பார்; அது போய்ச் சேர்ந்ததா என்று தெரிகிறவரை இந்தப் பாடுதான். எனக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி போட்டுவிட்டு உடனே போனிலும் கூப்பிட்டு, "வாட்ஸப்புல போட்டுருக்கேன், பாருங்க மதினி" என்பார். பார்த்துவிட்டேன் என்றால், "என்ன போட்டுருந்தேன், சொல்லுங்க" என்பார். பாதி நாள் எனக்குச் சிரிப்பு வரும். மீதி நாள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

திருச்சுழியில் இருந்த அவருடைய அம்மாவுக்கு வாரம் ஒருமுறை பஸ்ஸில் தூக்குவாளி போகும். எங்கள் பக்கம் இது சகஜம்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஊர் ஸ்டாப்பில் ஆள் வந்து வாங்கிக்கொள்வார்கள். எல்லோரும் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மதினி கண்டக்டரின் நம்பரை வாங்கி வைத்திருந்தார். ஒருநாள் என் மாடியில் நின்றபடி ஒரே பஸ்ஸுக்கு மூன்று தடவை போன் போட்டார். மூன்றாம் தடவை அந்த மனிதர் கத்தியது எனக்கே கேட்டது. "யக்கா, ஒங்க தூக்குவாளி முன்னாடி உக்காந்து வேடிக்க பாத்துக்கிட்டு வருது. அதுக்கு ஒரு கொறையும் இல்ல. என்னயத்தான் டிக்கெட்டு போட விட மாட்டேங்கிறீக!" மதினி கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "போன வாரம் இப்பிடித்தான் சொன்னாக, வாளி திருச்சுழியத் தாண்டி நரிக்குடி போயிட்டு வந்துச்சு" என்றார்.

அவருடைய மகளுக்குக் காதுகுத்து வைத்தபோது எங்கள் வீட்டுக்கு வந்து, குங்குமம் வெற்றிலைபாக்கோடு பத்திரிகை கொடுத்தார். நான்கு நாள் கழித்து, "பத்திரிக்க கெடச்சுச்சா மதினி?" என்று கேட்டார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. "நீங்கதான மதினி எங்கையில குடுத்தீக?" என்றேன். "கையில குடுத்தேன். பிரிச்சுப் பாத்தீகளா?" என்றார். நான் பார்த்திருக்கவில்லை. அது டிவிக்கு மேலேயே கிடந்தது. தேதி அடுத்த மாதம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வந்த ஞாயிற்றுக்கிழமையே விசேஷம்.

கல்லூரிக்கு வருவதற்கு முன்னால் பந்தல்குடியில் ஒரு லாரி பார்சல் ஆபீஸில் அவர் புக்கிங் பார்த்தவர். அங்கே சரக்கு ஏறிவிட்டது என்பதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. வாங்கிக்கொண்டவர் கையெழுத்துப் போட்ட சீட்டு திரும்பி வந்தால்தான் அந்தச் சரக்கை மறக்கலாம். அந்த வேலை அவரை இப்படி ஆக்கியதா, இப்படி இருந்ததால் அந்த வேலை அவருக்குப் பிடித்ததா என்று ஒருதடவை கேட்டேன். "பேச்ச மாத்தாதீக மதினி. நேத்து அனுப்புன பைலு வந்துச்சா?" என்றார்.

செயலியை முடித்து அவருக்குப் போட்டுக் காட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. விண்ணப்பித்த பெண்களின் பட்டியலைத் திறந்து, ஒரு பொத்தானை அழுத்தினேன். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் 'மெயில் அனுப்பப்பட்டது' என்று பச்சை டிக் வரிசையாக விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மதினி திரைக்கு அருகில் குனிந்து பார்த்தார்.

"இந்த டிக்க யாரு போடுறா?"

"எங்க சர்வரு வாங்கிக்கிச்சுன்னு அர்த்தம்."

"ஒங்க சர்வரு வாங்கிக்கிச்சு. அந்தப் புள்ள வாங்குச்சா?"

"போயிரும் மதினி. உலகம் பூராவும் இப்பிடித்தான் போகுது."

"லோடு ஏத்துனதுக்கே டிக் போட்டுருக்கீகளே" என்று முணுமுணுத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார். தொழில் தெரியாதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு பிள்ளையின் படிப்பு அந்த டிக்கில் மாட்டிக்கொண்டது அந்த வருடச் சேர்க்கையின்போதுதான்.

ஏற்பாடு இது. திங்கட்கிழமை, தேர்வான பெண்களுக்கு மெயில் போகும். அதில் இருக்கும் பொத்தானை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அழுத்தி, சேருவதாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாதவளின் இடம் ஐந்து அடித்ததும் வரிசையில் அடுத்து நிற்பவளுக்குத் தானாகப் போய்விடும். சிபாரிசுக்காரர்களின் தொல்லை தாங்காமல் கல்லூரிச் செயலாளர் கேட்டு வாங்கிய வசதி அது. "மனுசக் கையே படக் கூடாதும்மா" என்று சொல்லியிருந்தார். நானும் படாதபடிதான் செய்திருந்தேன்.

புதன்கிழமை காலை மதினி மாடிப்படியில் மூச்சு வாங்க வந்து நின்றார். ஏழு பேரிடமிருந்து பதில் இல்லை.

"வேண்டாம்னு விட்டுருப்பாக" என்றேன்.

"வேண்டாங்கிறவளும் படிச்சுட்டுத்தான வேண்டாம்பா? சேராத மெயிலு திரும்பி வருமா, வராதா?"

"வரும்."

"எங்க வரும்?"

மெயில் அனுப்புகிற முகவரி என்று 'பதில் எழுத வேண்டாம்' என்பது மாதிரி ஒரு பெயரைக் கொடுத்திருந்தேன். பெயரைத்தான் கொடுத்திருந்தேனே தவிர, அப்படி ஒரு மெயில் பெட்டியை நான் உருவாக்கவே இல்லை. யாரும் எழுதப் போவதில்லை என்றால் பெட்டி எதற்கு என்று விட்டுவிட்டேன். சேராமல் திரும்பிய மெயில்கள் எல்லாம் இல்லாத வீட்டுக்கு வந்து, அங்கேயும் ஆள் இல்லாமல் அழிந்து போயிருக்கின்றன. திரையில் மட்டும் பச்சை டிக் பச்சையாகவே இருந்தது.

இதை மதினியிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான். "இப்பவாச்சும் ஒரு பெட்டி வைக்கலாமா?"

அன்று முழுவதும் உட்கார்ந்து அதைத்தான் செய்தேன். திரும்பி வருபவற்றுக்கென்று தனிப் பெட்டி. ஒவ்வொரு மெயிலுக்கும் தனி எண், திரும்பி வந்தால் யாருடையது என்று தெரிவதற்கு. திரும்பியதைப் படித்துப் பார்த்து, அந்தப் பெயரைச் சிவப்பாக்க ஒரு நிரல். மதினி பின்னால் நடந்துகொண்டே இருந்தார். பெட்டி நிரம்பியிருக்கிறது என்று ஒரு வகை மெயில் திரும்பி வரும், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று இன்னொரு வகை வரும் என்று விளக்கினேன். "வீடு பூட்டிக் கெடந்தா நாளைக்குத் திரும்பப் போகலாம். வீடே இல்லன்னா வேற வழி பாக்கணும். ரெண்டையும் ஒரே செவப்புல போட்டுறாதீக" என்றார். அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பூட்டிய வீட்டுக்கு மஞ்சள் போட்டேன்.

வியாழக்கிழமை காலை ஏழு பேருக்கும் மறுபடி அனுப்பினோம். சில நிமிடங்களிலேயே ஒன்று மஞ்சளானது, ஐந்து சிவப்பாயின. மதினி ஆறு வீட்டுக்கும் போன் போட்டார். யாருக்கும் மெயில் போயிருக்கவில்லை. மத்தியானத்துக்குள் ஆறு பேருக்கும் சரியான முகவரி வாங்கி அனுப்பி, ஆறு பேரும் பொத்தானை அழுத்திவிட்டார்கள். எனக்கு உயிர் வந்தது.

ஒருத்தி மிச்சம். நரிக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பா ஆடு மேய்ப்பவர். படிவத்தில் இருந்த போன் அவருடையது. அது அணைந்தே கிடந்தது. அவளுக்குப் போன மெயில் மட்டும் திரும்பி வரவில்லை.

"திரும்பி வரலன்னா சேந்துருச்சு மதினி. இப்பத்தான் பெட்டி வச்சாச்சே" என்றேன்.

"சேந்துருந்தா ஏன் பேசல?"

"அவளுக்கு இஷ்டம் இல்லாம இருக்கும்."

"அத அவ சொல்லட்டும். நாளைக்குக் காலையில வண்டிய எடுங்க, ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வந்துருவோம்."

எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை, வேறு வேலைகள் கழுத்துவரை கிடந்தன. சுள்ளென்று விழுந்துவிட்டேன். "எதையுமே நம்ப மாட்டீகளா? ஒங்ககூட இருந்தா எனக்கும் கிறுக்குப் பிடிச்சுரும்" என்றேன். மதினி டம்ளரை வைத்துவிட்டுப் படியிறங்கினார். அவர் போனது எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கல்லூரியில் அரைநாள் லீவு போட்டுவிட்டு அவர் தனியாக நரிக்குடிக்குப் பஸ் ஏறினார். மூன்று மணிக்கு அங்கே ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து போன் வந்தது. விண்ணப்பம் போட்டுக் கொடுத்தது அந்தக் கடைதான். "இவருகிட்டப் பேசுங்க மதினி" என்று போனைக் கடைக்காரரிடம் கொடுத்தார்.

"இங்க முக்காவாசிப் பேருக்கு மெயிலு கெடையாதுங்க" என்றார் அவர், எந்தச் சங்கடமும் இல்லாமல். "நீங்க மெயிலுக் கட்டத்துல செவப்பு நட்சத்திரம் போட்டு வச்சிருக்கீக. ஏதாச்சும் அடிச்சாத்தான அடுத்த பக்கம் போகுது? பேரையும் பொறந்த வருசத்தையும் சேத்து அடிச்சு விட்டுருவேன். எல்லாப் பாரத்துக்கும் அப்பிடித்தான். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

அவர் அடித்துவிட்ட முகவரிகளில் பெரும்பாலானவை இந்த உலகத்தில் இல்லாதவை. அதனால்தான் திரும்பி வந்தன. இந்தப் பெண்ணுக்கு அடித்த முகவரியில் மட்டும், அதே பெயரும் அதே வருடமுமாக எங்கேயோ வேறு ஒருத்தி இருந்திருக்கிறாள். மெயில் சேர்ந்துவிட்டது, அவளிடம். இன்றைக்கு நான் செய்கிற செயலிகள் எல்லாம், முதலில் ஒரு மெயில் போட்டு, வந்ததா என்று கேட்டு, ஆம் என்று அவர்கள் அழுத்திய பிறகுதான் அந்த முகவரியை நம்பும். மெயில் இல்லாதவர்கள் 'இல்லை' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போகலாம். அன்றைக்கு அப்படி இல்லை.

அங்கிருந்து கிராமத்துக்கு ஷேர் ஆட்டோ கிடைத்துப் போக நான்கு மணி ஆகிவிட்டது. வீட்டில் அம்மா மட்டும்தான் இருந்தார். அப்பா கமுதிப் பக்கம் வயல்களில் ஆட்டுக் கிடை போடப் போய், ஆட்டோடு ஆடாகக் காட்டில் இருந்தார். போனுக்கு சார்ஜ் ஏது. மதினி போனில் பேசியபோது குரலே நடந்துகொண்டிருந்தது.

"புள்ள இங்க இல்ல மதினி. திங்கக்கெழம ஒண்ணும் வரலன்னதும், சீட்டு இல்லன்னு நெனச்சு செவ்வாக்கெழம மில்லு வேலைக்குப் போயிருச்சாம். நம்ம அருப்புக்கோட்டைதான்."

மில்லின் பெயரைச் சொன்னார். என் மாடியிலிருந்து ஆறு கிலோமீட்டர்.

"அவுக அம்மா சரின்னா நானே அழுத்திரவா?" என்று கேட்டேன்.

"கேட்டுப் பாத்துட்டேன். அவளாத்தான் வேலைக்குப் போறேன்னு போனா, அவளக் கேக்காம நான் என்னத்தச் சொல்லன்னு அழுகுறாக. நீங்க போங்க. அவ வாயால கேட்டுட்டு அழுத்துங்க."

"அந்த அஞ்சு மணிக் கணக்க நிறுத்தி வச்சுட்டுப் போறேன் மதினி. ரெண்டு நிமிச வேலதான்."

"நிறுத்தாதீக" என்றார். "வரிசையில அடுத்து நிக்கிறதும் ஒரு புள்ளதான். அதுவும் அஞ்சு மணியத்தான் பாத்துக்கிட்டு இருக்கும். ஓடுங்க."

ஸ்கூட்டியில் போனேன். நாலு முப்பத்தைந்துக்கு மில் கேட். வாட்ச்மேன் நல்ல மனிதர்தான். ஆனால் வேலை நேரத்தில் வெளியே விட அவருக்கு அதிகாரம் இல்லை. உள்ளே போன் போட்டார், எடுக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரே உள்ளே போனார். திரும்பி வந்து, "மிசினுல நிக்குதாம்மா. அஞ்சுக்கு ஷிப்டு மாறும், அனுப்புறேன்னுட்டாக" என்றார். நான் கேட்டுக்கு வெளியே அங்குமிங்கும் நடந்தேன். போனைத் திறந்து பட்டியலைப் பார்ப்பேன், மூடுவேன், மறுபடி திறப்பேன். காலையில் வண்டியை எடுத்திருந்தால் பதினொரு மணிக்கு இந்தக் கேட்டில் நின்றிருப்பேன். அந்த எண்ணம் என்னைத் தின்றது.

ஐந்துக்குச் சங்கு ஊதியது. கையில் இருந்த திரையில் அவள் வரி மறைந்து, அந்த இடத்தில் வேறு ஒரு பெயர் வந்தது. நான்கு நிமிடத்தில் அந்தப் பெயர் பொத்தானை அழுத்திவிட்டது. என் நிரல் ஒரு பிழையும் இல்லாமல் வேலை செய்தது.

ஐந்து பத்துக்கு அவள் வந்தாள். முடியெல்லாம் பஞ்சுத் தூசி. பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்த மதினி லைனில் இருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், திங்கட்கிழமை மெயில் போன கதையை உளறிக் கொட்டினேன். அவள் குறுக்கே கேட்டாள்.

"அப்ப எனக்குக் கெடச்சிருந்துச்சாக்கா?"

"கெடச்சிருந்துச்சும்மா. இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும்."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நான் தேறலன்னுல நெனச்சேன்" என்றாள். பக்கத்தில் நின்ற தோழியிடம் திரும்பி, "ஏய், எனக்குக் கெடச்சிருந்துச்சாம்டி" என்றாள். அந்தச் சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு மற்றது உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த லெட்டர எனக்கு அனுப்புவீகளா?" என்று கேட்டாள்.

பழக்க தோஷம். "மெயில் ஐடி சொல்லும்மா" என்று கேட்டுவிட்டேன். அவள் தலை குனிந்துகொண்டாள்.

"எத்தன மணிக்குத்தா மில்லு விடுதிக்குள்ள போகணும்?" என்றார் போனில் மதினி.

"ஏழு மணிக்குள்ளக்கா."

"அங்கனயே நில்லு. நான் வாரேன்."

நான் அந்தக் கடிதத்தை மதினியின் வாட்ஸப்புக்கு அனுப்பினேன். வந்ததா என்று அவர் கேட்பதற்கு முன்னால் நானே கூப்பிட்டுக் கேட்டேன். ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கையில், பஸ் ஸ்டாண்டில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். சேலையெல்லாம் செம்மண். தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு, கடைசி வரியையும் அவள் வாசித்து முடிக்கும்வரை அசையாமல் நின்றார். அவள் தன் பெயரை மட்டும் இரண்டு தடவை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தாளை நான்காக மடித்தவள், எங்களுக்கே அது தேவைப்படுமோ என்று தயங்கி நீட்டினாள்.

"இத நான் வச்சுக்கிரலாமாக்கா?"

"வச்சுக்கத்தா" என்றார் மதினி. "ஒனக்கு வந்ததுதான அது."